கடுகண்ணாவை வாகனக் கணக்கெடுப்பும் மங்களேஸ்வரி டீச்சரின் கையொப்பமும்

மங்களேஸ்வரி டீச்சருக்குக் கணினி அறையின் சாவி கிடைத்ததற்குக் காரணம் அவருடைய தகைமை அல்ல. அன்றைய ஆசிரியர் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை. அதிபர் பரமநாதன் சாவியோடு சுற்றி வந்தபோது டீச்சரின் கை மேசைமேல் கிடந்தது. சாவி அதில் வைக்கப்பட்டது. கண்டி நகரத்தின் தமிழ்மொழி மூலப் பாடசாலையொன்றில் தகவல் தொழினுட்பக் கல்வி இவ்வாறாகத் தொடங்கிற்று.

அவர் விலங்கியல் பட்டதாரி. மானிப்பாய்ப் பக்கத்தில் பிறந்து பேராதனைக்குப் படிக்க வந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில், தவளையின் நரம்புத் தொகுதியைப் பாடமாக்கிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், விடுதியிலிருந்து மற்றத் தமிழ் மாணவர்களோடு வண்டியில் ஏற்றப்பட்டு ஒரு மண்டபத்தில் பதினொரு நாள் இருத்தப்பட்டார். பிறகு ஊருக்கு அனுப்பப்பட்டார். பிறகு பரீட்சைக்கு வரும்படி கடிதம் வந்தது, வந்தார். பரீட்சையில் தவளையின் நரம்புத் தொகுதியே வந்திருந்தது. நன்றாகச் சித்தியடைந்தார். அந்தத் தவளைக்குப் பிறகு அவருக்கு எதைப் பற்றியும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று அவருடைய வகுப்புத் தோழி ஒருவர் பிற்காலத்தில் சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சிப் பக்கத்தில் அவருடைய தாயார் காலமானார். செய்தி கண்டிக்கு வந்து சேர இருபத்திரண்டு நாள் எடுத்தது. டீச்சர் அரை நாள் லீவு எடுத்தார். பின்னேரம் பத்தாம் வகுப்புக்கு உணவுச் சமிபாடு படிப்பித்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்புவோர் அதிகம் அலையத் தேவையில்லை. வாடகை வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் பதிய வேண்டியிருந்தபடியால், பிறந்த திகதியும் சொந்த முகவரியும் கண்டிக்கு வந்த காரணமும் உட்பட அது நான்கு பொலிஸ் நிலையங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

கணினிகள் இருபது வந்தன. அவற்றுக்குரிய மரியாதையில் எங்கள் பாடசாலை எந்தக் குறையும் வைக்கவில்லை. சப்பாத்து வெளியே. சன்னலுக்குத் திரை. ஒவ்வொரு கணினிக்கும் மனையியல் பிள்ளைகள் பூ வேலைப்பாடோடு உறை தைத்தார்கள். வாணி விழாவில் இருபது திரைக்கும் சந்தனப் பொட்டு. மூன்றாம் இலக்கக் கணினியின் விசைப்பலகைக்குள் அவல் போய், அன்றிலிருந்து அது நிரந்தர ஓய்வில் இருந்தது. மேலதிகாரிகள் வரும் நாட்களில் மாத்திரம் மற்றவற்றின் உறைகள் கழற்றப்பட்டன.

இந்த நிம்மதி இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒரு கைந்நூலால் கெட்டது. தொழினுட்பத்தின் துணையோடு செயற்றிட்டம் வழியாகக் கற்பது எப்படி என்று அது விளக்கியது. ஆசிரியர் இனிக் கற்பிக்கலாகாது, மாணவர் தாமே கண்டறிய ஆசிரியர் ஓரமாக நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஓய்வறையில் இதற்குப் பலத்த வரவேற்பு. இருபது வருடமாகத் தாம் இந்த முறையைத்தான் பின்பற்றி வருவதாகச் சமூகக் கல்வி ஆசிரியர் அறிவித்தார்.

மாணவர்களும் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கொமினிகேஷன் இருந்தது. போட்டோக்கொப்பி, தொலைபேசி, இணையம் எல்லாம் ஒரே அறைக்குள். அங்கே டெங்கு, பிளாஸ்ரிக், மகாவலி மாசடைதல் என்று மூன்று செயற்றிட்டங்கள் தயாராக இருந்தன. பெயரை மாற்றி, ஓரத்தில் ரோசாப்பூ வைத்து அச்சிட்டுத் தருவார்கள். பூ தெளிவாக விழுந்திருந்தால் ஆசிரியர்கள் நாங்கள் எண்பது புள்ளி போடுவோம். ஒரு பருவத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள் தனித்தனியே மகாவலியை ஆராய்ந்து, ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

அந்த வருட நடுவில் ஆசிரியர், மாணவர் கருத்துகளை அறிய ஒரு வினாக்கொத்து வந்தது. செயற்றிட்டம் சிந்தனையைத் தூண்டுகிறதா, கணினி சுயகற்றலை வளர்க்கிறதா என்று முப்பது கேள்வி. பிள்ளைகள் எல்லாரும் 'முற்றாக உடன்படுகிறேன்' என்ற பெட்டிக்குள் சரி போட்டார்கள். ஆசிரியர்களும் அப்படியே; தலையைக் குனியாமலே சரி போட்டவர்களும் இருந்தார்கள். மங்களேஸ்வரி டீச்சர் முப்பதுக்கும் நடுப்பெட்டியைத் தெரிவு செய்தார். 'கருத்தில்லை.'

ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. கையில் கொடுத்த எந்தத் தாளையும் முழுதாக வாசித்து அதில் உள்ளபடி நடப்பார். நான்கு பொலிஸ் நிலையங்கள் ஏற்படுத்திய பழக்கம் அது.

கைந்நூலின் ஒன்பதாம் பக்கத்தில் மாதிரித் தலைப்புகள் இருந்தன. வீதியிற் செல்லும் வாகனங்களை வகை பிரித்து எண்ணுக. புகையிரதம் வரும் நேரங்களைக் குறித்துக்கொள்க. பாலங்களையும் நீர்த்தாங்கிகளையும் படமெடுக்க. பாடசாலை வாசலுக்கு எதிரே, யுத்தத்தையொட்டிப் பாதுகாப்பு அமைச்சு ஒட்டிய சுவரொட்டி ஒன்று மும்மொழியிலும் இருந்தது. வீதியில் வாகனங்களைக் கவனிப்போர், பாலங்களையும் நீர்த்தாங்கிகளையும் படமெடுப்போர் குறித்து உடனே அறிவிக்குமாறு அது கேட்டது.

"ரெண்டையும் ஒரே ஆள்தான் எழுதீக்கணும்" என்றார் வர்த்தகம் படிப்பிக்கும் தாஸிம் சேர். கலகெதரவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். "காலைல கல்வி அமைச்சுல வேல, பின்னேரம் பாதுகாப்பு அமைச்சுல வேல."

எல்லாரும் சிரித்தோம். பிறகு மணி அடித்தது, வகுப்புக்குப் போனோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் புஷ்பம் என்ற பிள்ளை இருந்தாள். வீடு கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே, கண்டி-கொழும்பு வீதியோரம். தாய் அழகம்மா சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். கணவாயில் ஏறும் வாகனங்களின் புகையால் இடியப்பத் தட்டு கறுக்கிறது என்பது அழகம்மாவின் நெடுநாள் முறைப்பாடு. எந்த வகை வாகனம் எவ்வளவு புகை விடுகிறது என்று கண்டுபிடிக்கப் புஷ்பம் விரும்பினாள். கொமினிகேஷனில் அந்தத் தலைப்பு இல்லாததால் தானே செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டு கிழமை, பதினான்கு நாளும், காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை, வாசற்படியில் இருந்து எண்ணினாள். இடியப்பத் தட்டில் வெள்ளைத் துணி கட்டிப் புகையைப் பிடித்தாள். கொப்பியில் கோடு கோடாகக் கீறியதைப் பாடசாலையில் ஏழாம் இலக்கக் கணினியில் அட்டவணையாக்கினாள். இடையில் ஒரு நாள் டீச்சரிடம் சந்தேகம் கேட்டாள்.

"டீச்சர், ஆமி வண்டிய எதுல சேக்குறது? லொறியிலயா?"

டீச்சர் கைந்நூலைப் பிரட்டிப் பார்த்தார். எந்தத் தரவையும் விலக்கலாகாது என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

"தனி நிரலாப் போடும் பிள்ளை."

புஷ்பம் இராணுவ வாகனங்களைத் தனி நிரலாகப் போட்டாள். வட்ட வரைபில் அதற்குப் பச்சை நிறம் கொடுத்தாள். முப்பத்து நான்கு பக்கம். எங்கள் பாடசாலை வரலாற்றில் ஒரு மாணவர் தன் கையால் செய்த முதலாவது செயற்றிட்டம் அது. இப்படி ஒன்று நடந்துகொண்டிருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பாடசாலை அச்சுப்பொறியில் மை இல்லை. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் பென் டிரைவோடு தன் ஊரிலுள்ள கொமினிகேஷனுக்குப் போனாள். பச்சைத் துண்டோடு வரைபு வெளியே வந்தபோது கடைக்காரர் அதைப் பார்த்தார். மிகவும் நல்ல மனிதர். புஷ்பத்துக்குக் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டியும் விசுக்கோத்தும் கொடுத்து, பக்கத்துக் கடைக்குப் போய்ப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். புஷ்பம் விசுக்கோத்தை முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. அவளுக்குப் பதினேழு வயது. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து ஒரு வருடம், இன்னும் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு அழகம்மா பாடசாலைக்குத் தொலைபேசியில் சொன்னார். பின்னேரத்துக்குள் யாராவது வந்து பொறுப்புச் சொல்லாவிட்டால் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். கொழும்புக்கு என்றால் எங்கே என்று கேட்கும் வழக்கம் அந்நாட்களில் இல்லை.

அதிபர் கதவைச் சாத்தினார். "பாடசாலை இதில சம்பந்தப்படக் கூடாது. நான் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில அறிவிக்கிறன்" என்றார். பிறகு மங்களேஸ்வரி டீச்சரைப் பார்த்து, "நீர் போகப் போறீரோ?" என்றார்.

"ஓம்."

"உம்மட அடையாள அட்டை யாழ்ப்பாண விலாசம். தெரியும்தானே?"

"தெரியும்."

"யோசிச்சுத்தானே போறீர்?"

"இல்லை" என்றார் டீச்சர்.

சிங்களம் நன்றாகப் பேசுவார் என்பதற்காகத் தாஸிம் சேரும் கூடப் போனார். டீச்சரின் சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் சோதனைச் சாவடிக்கும் போதுமானது. அதற்கு அப்பால் அவர் முயன்றதில்லை. வழியில் ஒரு சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். டீச்சர் இறங்கிப் பையைத் திறந்து காட்டிவிட்டு ஏறினார்.

பொலிஸ் நிலைய வாசலில் அழகம்மா குந்தியிருந்தார்.

"வாங்க டீச்சர். சாப்டீங்களா?" என்றார். அது வாயில் தானாக வருவது.

"எண்ணின கொப்பி எங்க உம்மா?" என்று தாஸிம் சேர் மெல்லக் கேட்டார்.

"அடுப்புல போட்டுட்டேங்க. புள்ளைய ஏத்திக்கிட்டுப் போன ஜீப்ப பாத்ததும் மொத வேல அதான். எம்பத்து மூணுல எங்க வீட்டுக்காரரு யூனியன் ரசீத வச்சிருந்தாரு, அதுக்கே என்னா அடி. எழுதுன காயிதம் எதுவா இருந்தாலும் மொதல்ல அடுப்பு."

உள்ளே பொறுப்பதிகாரியின் மேசையில் செயற்றிட்டம் கிடந்தது. புஷ்பம் சுவரோடு கிடந்த மர வாங்கில் இருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை. பகல் சாப்பாடும் கொடுத்திருந்தார்கள். பொறுப்பதிகாரி கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். தமிழ் தெரியாது.

"வாசியுங்கள்" என்று தாஸிம் சேரிடம் சிங்களத்தில் சொன்னார். "முழுக்க."

தாஸிம் சேர் முப்பத்து நான்கு பக்கத்தையும் மொழிபெயர்த்து வாசித்தார். ஒன்றேகால் மணித்தியாலம். நோக்கம், கருதுகோள், முறையியல், தரவு, ஆய்வின் எல்லைகள். எங்கள் பாடசாலைச் செயற்றிட்டம் ஒன்று தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒருவரால் கேட்கப்பட்டது அதுவே முதல் தடவை. பொறுப்பதிகாரி நல்ல கேள்விகளும் கேட்டார். எங்கள் ஆசிரியர் ஒருவருக்கும் தோன்றாத கேள்விகள்.

"ஏன் பதினான்கு நாள்?"

"சேர், ஒரு கெழம மட்டும் எடுத்தா பௌர்ணமி போயா லீவு வந்து சராசரி பெசகிப் போயிரும்" என்றாள் புஷ்பம்.

"ஏன் காலை ஐந்தரை?"

"அந்த நேரத்துலதான் சேர் அம்மா இடியப்பம் அவிப்பாங்க."

தாஸிம் சேர் இரண்டையும் மொழிபெயர்த்தார். பொறுப்பதிகாரி பேனையை மேசையில் வைத்தார்.

"என் மகன் பதினோராம் வகுப்பு. அவனுக்கும் இப்படிச் செயற்றிட்டம் இருக்கிறது. என் மனைவி எழுதுகிறாள். நான் பத்திரிகையில் படம் வெட்டிக் கொடுக்கிறேன். அவன் ஒட்டுகிறான். நாடு முழுவதும் அப்படித்தான். எந்தப் பிள்ளையும் விடியற்காலை எழும்பி வீதியில் இருந்து எண்ணாது. இந்தப் பிள்ளை எண்ணியிருக்கிறது. நாள் தவறாமல், ஒழுங்காக எண்ணியிருக்கிறது. இதற்கு யார் பயிற்சி கொடுத்தது?"

அந்த அறையில் இருந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் அந்தத் தர்க்கத்தில் தவறு ஒன்றும் தெரியவில்லை. மகாவலியைப் பற்றி ரோசாப்பூ வைத்து அச்சிட்டிருந்தால், பிள்ளை இப்போது வீட்டில் இருந்திருக்கும்.

"நான்தான் சொன்னனான்" என்றார் மங்களேஸ்வரி டீச்சர்.

பொறுப்பதிகாரி கையை நீட்டினார். டீச்சர் அடையாள அட்டையைக் கொடுத்தார். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், திரும்ப முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒரு புதிய தாளை எடுத்தார்.

தாஸிம் சேர் ஐந்து நிமிஷ அவகாசம் கேட்டு, டீச்சரை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நீங்க உண்மையச் சொல்றீங்க. நல்லம். இன்னும் ரெண்டு உண்ம சொன்னீங்கண்டா நம்ம மூணு பேரும் ஒரே ஜீப்புல கொழும்பு. எனக்கு வீட்டுல சின்னப் புள்ளைகள் இரிக்கி."

"அப்ப என்ன சொல்லோணும்?"

"எண்ணல்லண்டு சொல்லுங்க. எல்லாப் புள்ளைகளும் போலதான் இதுவும், வீட்டுல இருந்து வாய்க்கு வந்த நம்பரப் போட்டு அச்சடிச்சதுண்டு. கொப்பியும் இப்ப இல்ல. கள்ள வேலண்டா அவர் வீட்டுக்கு அனுப்புவாரு. அது அவருக்கு வெளங்கும்."

"அவள் பதினாலு நாள் இருந்து எண்ணினவள்."

"தெரியும் டீச்சர். நான்தானே இப்ப முழுக்க வாசிச்சேன்."

டீச்சர் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வீதியில் ஓர் எண்ணெய்ப் பவுசர் கணவாயில் ஏற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அது மறையும் வரை பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

"இந்தப் பிள்ளை ஒண்டையும் எண்ணேல்லை" என்றார். "தரவு எல்லாம் பொய். நான் சரிபார்க்கேல்லை."

புஷ்பம் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தாஸிம் சேர் அதைச் சிங்களத்தில் சொன்னதும் பொறுப்பதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"உண்மையா? எண்ணினாயா, இல்லையா?"

தாஸிம் சேர் தமிழில் கேட்டார். புஷ்பம் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளைப் பார்த்தார். முகத்தில் வழமைபோல ஒன்றும் இல்லை. வாசலில் அழகம்மா இருமினார்.

"இல்ல சேர்" என்றாள் புஷ்பம். "சும்மா போட்டது."

"அந்தத் துணி? கறுத்துப்போன துணியின் படம் இருக்கிறதே?"

"அடுப்புக் கரி சேர்."

பொறுப்பதிகாரியின் உடம்பு முழுவதும் தளர்ந்தது. முதல் தடவையாகச் சிரிக்கவும் செய்தார். உள்ளேயிருந்து தேநீர் வந்தது. படிப்பில் நேர்மை எவ்வளவு முக்கியம் என்று அவர் புஷ்பத்துக்குக் கால் மணித்தியாலம் புத்தி சொன்னார். தாஸிம் சேர் அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். புஷ்பம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. மேற்படி செயற்றிட்டத்தில் உண்மை எதுவும் இல்லை, மாணவி பாடசாலையை ஏமாற்றியிருக்கிறார், ஆசிரியை கடமையில் கவனக்குறைவாக இருந்திருக்கிறார். மங்களேஸ்வரி டீச்சர் அதில் கையொப்பமிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை வாசிக்காமல் கையொப்பமிட்டார். அச்சுப் பிரதியும் பென் டிரைவும் பொலிசிலேயே தங்கின. பாடசாலைக் கணினியில் உள்ளதை அழிக்க வேண்டும். செயற்றிட்டத்துக்குப் புள்ளி பூச்சியம் என்று அதிபரின் கடிதத் தலைப்பில் திங்கட்கிழமை அறிக்கை வர வேண்டும். டீச்சர் மூன்று மாதத்துக்கு ஞாயிறுதோறும் தம் பகுதிப் பொலிசில் ஒப்பமிட வேண்டும். ஐந்தரைக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள்.

"இடியப்பம் கொஞ்சம் கட்டித் தாறேங்க" என்றார் அழகம்மா. டீச்சர் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அதிபர் அறிக்கையைத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். புள்ளிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "நீர்தான் போட வேணும். நான் போட்டா முறையில்லை" என்றார். வெள்ளிக்கிழமை நடந்ததைத் தாஸிம் சேர் ஓய்வறையில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சமூகக் கல்வி ஆசிரியர் மட்டும், பிள்ளைகளுக்கு இனி டெங்குவையே கொடுத்தால் பாதுகாப்பு என்றார். அதுவும் பகிடியல்ல.

இடைவேளைக்குப் பிறகு டீச்சர் புஷ்பத்தைக் கணினி அறைக்குக் கூப்பிட்டார். அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். ஏழாம் இலக்கக் கணினியின் உறையை மடித்தாள். கோப்பு திறந்தது.

"இரும்" என்றார் டீச்சர். "ஒருக்கா வாசிக்கிறன்."

முதற்பக்கத்திலிருந்து வாசித்தார். மற்ற எந்தத் தாளையும் வாசிப்பதுபோலவே, ஒரே வேகத்தில். புஷ்பம் பக்கத்துக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் டீச்சரின் விரல் திரையில் நின்றது.

"இரண்டாம் கிழமை வியாழக்கிழமை. பஸ் பத்தொன்பது எண்டு இருக்கு. கூட்டினதில பதினேழு."

புஷ்பம் குனிந்து பார்த்தாள். "ஆமாங்க டீச்சர். நாவலப்பிட்டி பஸ் ரெண்டு பொறத்தால வந்துச்சு. பெறகு எழுதுனேன். கூட்டுறப்ப விட்டுப்போச்சு."

டீச்சர் பதினேழை அழித்துப் பத்தொன்பது என்று அடித்தார். வட்ட வரைபில் பஸ்ஸுக்குரிய நீலத் துண்டு மயிரிழை அளவு பெருத்தது. பச்சைத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கியது. மிகுதிப் பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தார். வேறு பிழை இல்லை.

"சரி" என்றார்.

பிறகு கோப்பை அழித்தார். குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினார். அதிபரின் அறிக்கையை மடியிலிருந்து எடுத்து, புஷ்பத்துக்குத் தெரியும்படி மேசையில் வைத்து, விட்டிருந்த இடத்தில் பூச்சியம் போட்டார்.

"டீச்சர், நான் போகவா? அடுத்த பாடம் இருக்குங்க."

"ஓம், போம்."

புஷ்பம் உறையைத் திரும்பக் கணினிக்கு மாட்டி, பூ வேலைப்பாடு முன்னால் வரும்படி இழுத்து விட்டுப் போனாள்.